காசில் எழுதிய வெற்றி

இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் நம் திருப்புட்குழி என்பது தலபுராணம். ஊர்ப்பெயரிலேயே புள்ளும் குழியும் உள்ளன. வீழ்ந்தவர்க்கு இப்பேறு அரிது. வென்றவன் பெயரோ கல்லில் ஏறும், காசிலும் ஏறும். கல் நின்ற இடத்தில் நிற்கும், காசு கைமாறி நாடெங்கும் செல்லும்.

உரோமப் பேரரசர் கிளாடியசின் படை கி.பி. 43இல் பிரித்தானியாவுக்குள் புகுந்தது. அவ்வெற்றிக்குரிய வளைவு கட்டி முடியுமுன்பே அதன் உருவம் பொற்காசில் வந்துவிட்டது! உரோமப் பொன் நம் மிளகை நாடி இங்கும் வந்தது. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகம் உளியால் வெட்டுண்டிருந்தது. புழக்கத்திலிருந்து விலக்கவே வெட்டினர் என்பர் ஆய்வாளர். எவர் முகமாயினும் நம்மவர்க்குப் பொன் பொன்தான் போலும்.

நம் மன்னரும் இக்கலை அறிந்தவரே. முதலாம் இராசேந்திரன் காலப் பொற்காசில் 'கங்கைகொண்ட சோழன்' என்னும் பெயர் உண்டு. பின்னர், சோழரிடமிருந்து தலைக்காட்டைப் பறித்த போசள விட்டுணுவர்த்தனன் 'தலக்காடுகொண்ட' என்று கன்னடத்தில் காசு வெளியிட்டான். கங்கைக்கரையை நோக்கி நாம் சொன்ன அதே சொல், காவிரிக்கரையில் நம்மை நோக்கித் திரும்பிற்று.

காஞ்சியும் அச்சொல்லுக்குத் தப்பவில்லை. இராட்டிரகூட மூன்றாம் கிருட்டிணன் தமிழ்க் கல்வெட்டுகளில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்றே குறிக்கப்படுகிறான். அவனுக்கு இரு நூற்றாண்டு முன்னர்க் காஞ்சியை வென்ற சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தனின் எழுத்து வேறு. கயிலாசநாதர் கோயில் தூணிலுள்ள அவனது கன்னடக் கல்வெட்டு, கோயிற்செல்வத்தைக் கண்டும் கவராது இறைவனுக்கே விட்டதைக் கூறுகிறது. காஞ்சிக்குச் செல்லும் கவியன்பர்கள் அத்தூணருகே சற்று நின்று வரவேண்டுகிறேன்.