ஒலிபெருக்கியை மாற்றியபின் ஊமையாகும் பெருக்கி

பழைய வால்வு கிதார் பெருக்கி ஒன்றில் ஒலிபெருக்கியின் தாள் கூம்பு கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே விட்டமுள்ள புதியதொன்றை வாங்கி, நான்கு திருகாணிகளை முடுக்கி, இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். வால்வுகள் ஒளிர்கின்றன, ஓசையைக் காணோம். சில பெட்டிகளில் ஓசை மெலிந்து வருகிறது. இன்னும் சில, பத்து நிமிடம் நன்றாக இயங்கிவிட்டுக் கருகல் வாடையுடன் ஓய்ந்துவிடுகின்றன. மாற்றியது இரண்டே கம்பிகள்தாம். பழுது எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண மின்சுற்றைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்தப் பெட்டி எந்த ஆண்டில் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். (இக்கட்டுரையில் 'பெருக்கி' என்பது மின்குறியைப் பெரிதாக்கும் பெட்டி. 'ஒலிபெருக்கி' என்பது ஓசை எழுப்பும் கூம்பு, அதாவது ஸ்பீக்கர்.)

காந்தப் புலத்தில் கம்பிச் சுருளை வைத்து மின்னோட்டம் செலுத்தினால் சுருள் நகரும். இந்த எளிய விதியை நம்பி 1898-இல் இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் அசையும் சுருள் ஒலிபெருக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை ஓட்டப் போதிய மின்குறி அன்று இல்லை. ஃபிளெமிங்கின் வால்வு 1904-இலும், லீ டி ஃபாரஸ்டின் மூன்று மின்வாய் வால்வு 1906-ஐ ஒட்டியும்தான் வந்தன. 1915-இல் கலிஃபோர்னியாவின் நாபா ஊரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் இருவரும் அசையும் சுருளோடு ஊதுகுழலைப் பொருத்திக் கூட்டங்களில் பேச்சைக் கேட்கச் செய்தனர். குழலில்லாமல் கூம்பு மட்டும் கொண்ட இன்றைய வடிவத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகியோர் 1925-இல் விளக்கி எழுதினர். இன்றைய கிதார் ஒலிபெருக்கியும் அடிப்படையில் அதுவே.

இனித்தான் நம் கதைக்கு வேண்டிய செய்தி. 1920-களில் வலிமையான நிலைக்காந்தம் மலிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே ஒலிபெருக்கிக்குள் இரும்பு உள்ளகத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட புலச் சுருளை வைத்து, நேர்மின்னோட்டம் செலுத்தி மின்காந்தமாக்கினார்கள். அந்த மின்னோட்டத்துக்கு எங்கே போவது? பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தனர். வால்வுகளுக்குச் செல்லும் உயர் அழுத்த மின்சாரத்தில் இரைச்சலை வடிகட்ட எப்படியும் ஒரு தூண்டுசுருள் தேவை. புலச் சுருளையே அந்த இடத்தில் தொடராக இணைத்துவிட்டனர். ஒரே சுருள் காந்தமாகவும் இருந்தது, வடிகட்டியாகவும் வேலை செய்தது. சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

1930-களின் கிதார் பெருக்கிகள் பலவும் இவ்வகையே. அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து ஒலிபெருக்கியைக் கழற்றி நிலைக்காந்த ஒலிபெருக்கியை வைத்தால், வால்வுகளின் உயர் அழுத்தப் பாதையே அறுந்துபோகிறது. இழைகள் ஒளிரும், நேர்மின்வாயில் மின்னழுத்தம் இராது. கூம்புக்குச் செல்லும் இரு கம்பிகளைத் தவிர மேலும் இரண்டு தொங்குவதைக் கண்டு, "இவை எதற்கு?" என்று வெட்டிவிட்டவர்கள் உண்டு. புலச் சுருளின் மின்தடைக்கு ஈடான மின்தடையும், தக்க தூண்டுசுருளும் அங்கே இடம்பெற்றால்தான் பெட்டி மீண்டும் பேசும். அந்தக் கம்பிகளில் இருப்பது சில நூறு வோல்ட் என்பதையும், சாவியை அணைத்தபிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது. தக்க மின்தடை வழியாக அதை வெளியேற்றி, அளவியால் உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

புலச் சுருளின் காலத்தை முடித்துவைத்தது உலோகவியல். 1931-இல் ஜப்பானின் டோகுஷிச்சி மிஷிமா, இரும்புடன் நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த வலிய காந்தக் கலவையைக் கண்டார். கோபால்ட்டும் சேர்ந்து அது 'ஆல்னிக்கோ' குடும்பமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் நிலைக்காந்த ஒலிபெருக்கி எங்கும் பரவியது. மேலே கண்ட ஜென்சன் 1927-இல் தொடங்கிய நிறுவனத்தின் ஒலிபெருக்கிகளில் இந்த வரலாறு முதல் எழுத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது: 'எஃப்' என்றால் புலச் சுருள், 'பி' என்றால் ஆல்னிக்கோ நிலைக்காந்தம், 'சி' என்றால் பீங்கான் காந்தம்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் செய்த பெருக்கிகளில் இந்தப் 'பி' வகை ஒலிபெருக்கிகள் அமர்ந்தன. அவருடைய பாஸ்மன் பெருக்கி 1950-களின் பிற்பாதியில் நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகளுடன் வந்தது. ஒவ்வொன்றும் 8 ஓம். நான்கும் பக்க இணைப்பில். ஆகவே மொத்தம் 2 ஓம். இந்த 2 ஓம்தான் பலரைக் கவிழ்த்த குழி.

வால்வின் நேர்மின்வாய்ச் சுற்றில் அழுத்தம் மிகுதி, ஓட்டம் குறைவு. ஒலிபெருக்கிக்கோ ஓட்டம் மிகுதியாகவும் அழுத்தம் குறைவாகவும் வேண்டும். இவ்விரண்டையும் இணைத்துவைக்கும் தரகர்தான் வெளியீட்டு மின்மாற்றி. அதன் சுற்றுகளின் தகவு எவ்வளவோ, அதன் இருமடிப் பெருக்கத்தால் மின்மறுப்பு மாறித் தோன்றும். வால்வுகளுக்கு 4,000 ஓம் வேண்டும், ஒலிபெருக்கிகள் 2 ஓம் என்றால், தகவின் இருமடி 2,000. தகவு சுமார் 45. இப்போது நான்கு ஒலிபெருக்கிகளையும் எடுத்துவிட்டு 8 ஓம் கொண்ட ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். வால்வுகளுக்கு 4,000 அன்று, 16,000 ஓம் தெரியும். திறன் குறைகிறது. உரக்க வாசிக்கும்போது முதற்சுருளில் மின்னழுத்த வீச்சு வரம்பு மீறுகிறது. வால்வின் திரைக்கம்பிவலை சூடேறுகிறது. கருகல் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஒலிபெருக்கியே இல்லாமல் ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். மோட்டார் வண்டியின் பற்றவைப்புச் சுருளில் ஓட்டத்தைச் சட்டென்று அறுத்தால் பல்லாயிரம் வோல்ட் எழுகிறதல்லவா? அதே தூண்டல் இங்கும் நிகழ்ந்து, மின்மாற்றியின் காப்பு உறை துளைபடலாம். வால்வின் குழியில் பொறி பறக்கலாம். டிரான்சிஸ்டர் பெருக்கிகளில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை ஒலிபெருக்கி இல்லாமல் சும்மா இருக்கும்; குறுக்குச்சுற்று ஏற்பட்டால்தான் ஆபத்து.

ஃபெண்டர் இதை நன்கு அறிந்திருந்தார். அவருடைய பெருக்கிகள் பலவற்றில், ஒலிபெருக்கிச் செருகியை எடுத்தவுடன் பொருத்துகுழி தானாகவே வெளியீட்டைக் குறுக்குச்சுற்றாக்கிவிடும். வால்வுப் பெருக்கிக்குத் திறந்த சுற்றைவிடக் குறுக்குச்சுற்றே சிறிய தீமை என்பது கணக்கு. இந்தப் பாதுகாப்பே ஒரு மயக்கத்தையும் தருகிறது. புதிய ஒலிபெருக்கியை முதன்மைக் குழியில் செருகாமல், பக்கத்திலுள்ள கூடுதல் ஒலிபெருக்கிக் குழியில் செருகினால் ஓசை வராது. பெட்டியில் பழுதே இல்லை. குறுக்குச்சுற்று மட்டும் நீங்கவில்லை.

1962-இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து பாஸ்மன் சுற்றையே அடிப்படையாகக் கொண்டு பெருக்கி செய்தார். சுற்று ஏறத்தாழ அதே; ஒலிபெருக்கிகள் வேறு. செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கை, இரண்டிரண்டாகத் தொடரிலும் அவற்றைப் பக்க இணைப்பிலும் கோத்தனர். ஒவ்வொன்றும் சுமார் 16 ஓம் என்றால் நான்கும் சேர்ந்து மீண்டும் 16 ஓமே. 2 ஓமுக்கான மின்மாற்றி அதற்கு எப்படி உதவும்? வேறு மின்மாற்றிதான் வேண்டியிருந்தது. ஓசையின் குணம் மாறியதற்கு இந்த மாற்றங்களும் காரணம்.

மார்ஷல் முறையில் பெருக்கி வேறு, ஒலிபெருக்கிப் பேழை வேறு. யார் வேண்டுமானாலும் எந்தப் பேழையையும் செருகலாம் என்றானதும், பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு இன்றியமையாததாயிற்று. அதைத் திருப்ப மறந்தவர்களும், பேழையையே செருக மறந்தவர்களும் மின்மாற்றிக் கடைக்காரர்களை வாழவைத்தனர்.

ஒலிபெருக்கியின் ஓமை அளவியால் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அளவி காட்டுவது நேர்மின்னோட்டத் தடையை மட்டும். 8 ஓம் ஒலிபெருக்கி சுமார் 6 ஓம் காட்டினால் அது கெட்டதாகாது. இரண்டு ஒலிபெருக்கிகள் உள்ள பெட்டியில் ஒன்றை மட்டும் மாற்றியபின் தாழ்ந்த சுரங்கள் வற்றிப்போனால், இரு கூம்புகளும் எதிரெதிராக அசைகின்றன என்று பொருள். வெளியீட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் மின்கலத்தை ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். மின்கலத்தை ஒரே முறையில் தொடும்போது இரு கூம்புகளும் ஒரே பக்கம் துள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓசை குறைவு என்றால் ஒலிபெருக்கியின் உணர்திறனைப் பாருங்கள். ஒரு வாட் திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி இருந்த இடத்தில் 97 டெசிபெல் தருவதை வைத்தால், பழைய உரப்பைப் பெற இருமடங்கு திறன் வேண்டும். 40 வாட் பெட்டி 80 வாட் தராது.