வெள்ளத்துள் தாகம்: தவக்காலமும் அருள் என்ற சொல்லும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையை எட்டும்போது காலில் பாதி வழி நடந்த களைப்பு ஏறியிருக்கும். ஆதி அருணாசலேசுவரர் கோயில் உள்ள இவ்வூரில் மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. அவர் திருவெம்பாவை பாடிய இடம் இதுவே என்பது ஊர் வழக்கு. அவருடைய நீத்தல் விண்ணப்பத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றும் நா வறண்டு போனவன் ஒருவன் வருகிறான். அருள் கிடைத்தும் துயர் தீராதவனுக்கு அவன் உவமை. கிறித்தவர்கள் சாம்பல் புதன் முதல் பாஸ்கா வரை தியானிக்கும் தாகத்துக்கு, தமிழில் இதைவிடப் பொருத்தமான படிமம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்காலம் முதலில் வயிற்றோடு தொடர்புடையது. ஒருவேளை மட்டும் வயிறார உண்பது ஒருசந்தி. புலால் விலக்குவது சுத்தபோசனம். லெந்து நாட்கள் என்று சொல்லும் சீர்திருத்த சபையாருக்குப் பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனை முக்கியம். அங்கே தியானிக்கப்படும் சிலுவை மொழிகள் ஏழில் ஐந்தாவது, தாகத்தைச் சொல்வது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கும் பகுதி, பழைய திருப்பலி நூலில் தவக்காலத்தின் மூன்றாம் வார வெள்ளிக்கு உரியது. 1969இல் வந்த வாசக ஒழுங்கு அதை முதலாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறுக்கு மாற்றியது. சிலுவையிலும் கிணற்றடியிலும் தாகம் கொள்பவர், கொடுக்க வந்தவரே.

தாகத்துக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. அருளுக்குத்தான் தேட வேண்டியிருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பல சமயச் சொற்களைப் போர்ச்சுகீசிய ஒலியிலேயே வைத்துக்கொண்டது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி அந்த வழக்கத்தைக் கைவிட்டு, வடமொழிச் சாயலில் வரப்பிரசாதம் போன்ற சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மங்கள வார்த்தை செபத்தில் 'பிரியதத்தம்' வேரூன்றியது. தரங்கம்பாடியில் தொடங்கிய சீர்திருத்தத் திருமறை மரபில் 'கிருபை' நிலைத்தது. 'அருள்' மட்டும் வாசலிலேயே நின்றது. சைவர்களின் கருவூலச் சொல் அது. எடுத்தாளத் தயங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஜி. யு. போப் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது கிறித்தவக் காதுகள் அந்தச் சொல்லைப் புதிதாகக் கேட்டிருக்க வேண்டும்.

இனி மலையின் மறுபக்கம். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் 1910இல் பிறந்த பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ 1948இல் தமிழகம் வந்தார். 1949 ஜனவரியில் ஜூல் மோன்ஷனேன் அடிகளுடன் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைத் தரிசித்தார். இருவரும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனத்தைத் தொடங்கிய 1950 மார்ச் 21 தவக்காலத்துக்குள் வந்த நாள். அவ்வாண்டு பாஸ்கா ஏப்ரல் 9; ஏப்ரல் 14இல் ரமணர் மறைந்தார். குரு போன பின்னும் மலை லெ சோவை விடவில்லை. 1952 முதல் சில ஆண்டுகள், அபிஷிக்தானந்தர் என்ற பெயரில், அருணாசலக் குகைகளில் வந்து வந்து தங்கினார். அவற்றில் ஒன்று அருட்பால் தீர்த்தத்தை ஒட்டியது.

சுனையின் பெயரைச் சற்றே நிறுத்திச் சொல்லிப் பார்க்கலாம். அருள், பால், தீர்த்தம். சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமை ஊட்டிய பால் தமிழர் நினைவுக்கு வராமல் போகாது. உமாபதி சிவாசாரியாரின் பதினான்காம் நூற்றாண்டுத் திருவருட்பயன் இன்னும் கூர்மையானது. பாற்கடலில் வாழும் மீன் பாலைப் பருகாமல் வேறு இரை தேடுவது போல, உயிர் அருளுக்குள் இருந்துகொண்டே மயக்கத்தை நாடுகிறது என்கிறது அது.

அபிஷிக்தானந்தரின் நாட்குறிப்புகளில் தெரியும் வேதனை அத்வைதத்தைப் பற்றியது. பருகுபவனும் நீரும் ஒன்றே என்றால் தாகம் எங்கே, கொடுப்பவர் யார், பாஸ்கா எதற்கு? திரித்துவத்தையும் அத்வைதத்தையும் எளிதில் இணைக்க முடியாது என்ற தயக்கம் மோன்ஷனேனுக்குக் கடைசிவரை இருந்தது. சைவ சித்தாந்தமோ இறைவனோடு கலந்த பின்னும் உயிரை உயிராகவே வைக்கிறது. அருளுக்குக் கொடுப்பவரும் பெறுபவரும் அங்கே உண்டு. தவக்கால இறையியலுக்கு நெருங்கிய அண்டை வீடு இதுவே. ஆனால் அபிஷிக்தானந்தர் உபநிடதங்களுக்குத் தந்த இடத்தைச் சித்தாந்த நூல்களுக்குத் தரவில்லை. வடக்கே கங்கைக் கரைக்குப் போனார். 1973இல் இந்தூரில் காலமானார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு தமிழில் புதுக்கப்பட்டபோது, மங்கள வார்த்தை செபம் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கியது. 1995இன் விவிலியப் பொது மொழிபெயர்ப்பும் 'அருள்' என்ற சொல்லையே எடுத்தது. அந்தத் துறவி அருட்பால் சுனையருகே இருந்த நாட்களில், கீழே ஊரில் செபமாலை உருட்டியவர்கள் இன்னும் 'பிரியதத்தம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.