தலைமன்னார் பியரும் ஒரு பழைய பாதையும்

தலைமன்னார் பியர் நிலையத்தில் கோச்சியால் இறங்கி, கடற்கரைப் பக்கம் சற்று நடந்தால் பழைய இறங்குதுறை தெரியும். மேடுபள்ளம் இல்லை, பிள்ளைகுட்டிகளோடு போகலாம். காத்துக்குத் தொப்பி பத்திரம்!

ஒரு காலம் தண்டவாளம் கரையோடு நிற்கவில்லை. 1914இல் மதவாச்சியிலிருந்து போட்ட பாதை துறைமேடைவரை போய்க் கப்பலோடு சேர்ந்தது. அப்பால் சுமார் 35 கிலோமீற்றரில் தனுஷ்கோடி. தென்னிந்திய வணிகர் வந்துபோனதும், தோட்டத் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் வந்திறங்கியதும் இவ்வழியால்தான்.

1964 புயலோடு எல்லாம் முடிஞ்சுபோச்சு என்று நம்மவர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அழிந்தது தனுஷ்கோடி. பின்னரும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. அதை நிறுத்தியது போர்தான். 1990இல் கோச்சியும் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக் கரை சேர்ந்தார்கள். நான் வாசித்த ரயில் வரலாறுகளில் 1990க்கு நேரே சேவை நின்றது என்று மட்டும் இருக்கும். பயணிகளும் ஊரைவிட்டுப் போனார்கள் என்ற வரி அங்கே இல்லை.

2015 மார்ச்சில் பியர்வரை கோச்சி மீண்டும் வந்தது. எருக்கலம்பிட்டிக்குத் திரும்பியவர்கள் உண்டு. புத்தளத்தில் பிறந்த என் மாணவர் சிலர், ஊர் எது என்ற கேள்விக்கு மன்னார் என்றே எழுதுகிறார்கள். அந்தக் கோச்சியில் ஏறியவர்கள் அவர்களில் ஒன்றிரண்டு பேர்தான்.