எல்கைப் பந்தயம்

எல்கைப் பந்தயம் என்பது, இரட்டை மாடுகளோ குதிரையோ பூட்டிய இலகுவான இருசக்கர வண்டிகள் ஓரிடத்திலிருந்து ஒருசேரப் புறப்பட்டு, சில மைல்களுக்கு அப்பால் குறிக்கப்பட்ட எல்கை வரை சென்று திரும்பி, புறப்பட்ட இடத்தை முந்தி வந்தடையப் போட்டியிடும் நெடுந்தொலைவு வண்டிப் பந்தயமாகும். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களை ஒட்டியும் இது பொதுச்சாலைகளிலேயே நடைபெறுகிறது. கொங்குப் பகுதியின் ரேக்ளா பந்தயம் 200 அல்லது 300 மீட்டர் தொலைவை ஒவ்வொரு வண்டியும் கடக்கும் நேரத்தை அளந்து வெற்றியை முடிவுசெய்வது. எல்கைப் பந்தயமோ பல வண்டிகளை ஒரே சாலையில் ஒன்றையொன்று முந்தவிட்டு, விரைவோடு தாங்குதிறனையும் சோதிப்பது. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தைக் காவிரிக் கரையின் பழைய சுமைப் போக்குவரத்தில் தேடலாம்.

சுமைவழிகளின் வரலாறு

இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக உள்ள உறையூர், சங்க காலத்தில் சோழர் தலைநகராக இருந்தது. கடற்கரையிலிருந்து உள்நாட்டிற்கு உப்பு ஏற்றிச்சென்ற உமணர் என்னும் வணிகர்கள், மேடுபள்ளங்களில் அச்சு முறியக்கூடும் என்பதால் வண்டியின் அடியில் சேம அச்சு எனப்படும் மாற்று அச்சைக் கட்டிச்சென்ற வழக்கத்தைப் புறநானூறு குறிப்பிடுகிறது. அக்காலத்தில் வண்டிப் பந்தயம் நடந்தது என்பதற்கு இது சான்றாகாது. எனினும் நெடுவழி மாட்டுவண்டிப் பயணம் ஒரு தொழிலாக வேரூன்றியிருந்ததை இது உறுதிப்படுத்துகிறது.

18ஆம் நூற்றாண்டில் மாடுகளின் வேகமும் பொறுமையும் போர்களின் போக்கையே பாதித்தன. 1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் கூட்டாளிகளோடு மோதியபோது, ஸ்ரீரங்கம் தீவு பிரெஞ்சுத் தரப்பின் பாசறையாக இருந்த காலங்களில், கோட்டைக்குள் இருந்தோருக்கு வேண்டிய தானியம் பெரும்பாலும் புதுக்கோட்டைத் தொண்டைமானின் காட்டுவழிகளிலிருந்து மாடுகளின் முதுகிலும் வண்டிகளிலும் வந்துசேர்ந்தது. அந்தச் சுமைத்தொடர்களைக் காப்பதும் மறிப்பதுமே பல சண்டைகளுக்குக் காரணமாயின. பின்னர் ஐதர் அலி, மைசூர் அரசின் அமிர்த மகால் இன மாடுகளைப் பீரங்கி இழுக்கப் பயன்படுத்தி, சிதம்பரத்தை மீட்கும் பொருட்டு இரண்டரை நாளில் 100 மைல் கடந்தார் என்று மைசூர் பற்றிய ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் கூறுகின்றன.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1862இல் திருச்சிராப்பள்ளியை எட்டியது; 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வேயின் முக்கிய மையமாக இந்நகரம் வளர, 1928இல் பொன்மலைப் பணிமனை இயங்கத் தொடங்கியது. ரயில் நெடுவழிச் சுமையைத் தன்வசப்படுத்திக்கொண்டபோதும் வண்டியை ஒழித்துவிடவில்லை. ஊரிலிருந்து நிலையம் வரை நெல்லும் வாழையும் வைக்கோலும் பாரவண்டிகளிலேயே வந்தன. நிலையத்தில் இறங்கிய யாத்திரிகர்களைக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திற்கும் திருவானைக்காவலுக்கும் ஜட்கா எனப்படும் ஒற்றைக் குதிரைவண்டிகள் கொண்டுசேர்த்தன. மாட்டுவண்டி, குதிரைவண்டி ஆகிய இரண்டும் இவ்வட்டாரப் பந்தயங்களில் இன்றும் ஒரே நாளில் ஓடுவதை இந்த இரட்டைப் போக்குவரத்து மரபோடு பொருத்திப் பார்க்கலாம்.

கால்நடை இனங்கள்

திருச்சிராப்பள்ளி கொங்கு நாட்டுக்கும் காவிரிப் படுகைக்கும் இடைப்பட்ட நகரமாதலால், இரு பக்கத்து மாட்டினங்களும் இங்கு அறிமுகமானவை. மேற்கே உள்ள காங்கேயம் இனம் பளு இழுப்பதில் பெயர்பெற்றது. அதன் வளர்ச்சியில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்திற்குப் பெரும் பங்குண்டு. கிழக்கே உள்ள உம்பளச்சேரி இனம் உயரம் குறைந்தது. சேற்று வயலில் உழைப்பதற்கு ஏற்றது. தெற்கே சிவகங்கை, மதுரைப் பகுதிகளில் வளரும் புலிக்குளம் இனம் சுறுசுறுப்புக்குப் பேர்போனது. மணப்பாறை மாட்டுச் சந்தை இத்தகைய மாடுகள் கைமாறும் இடமாக நெடுங்காலமாக விளங்கி வருகிறது. குதிரைகளைப் பொறுத்தவரை, ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசுவாமி திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தை தமிழ்நாடெங்கும் அறியப்பட்டது.

பந்தய மாட்டைத் தேர்ந்தெடுப்போர் நடையின் சீர், கால் குளம்புகளின் உறுதி, மார்பின் அகலம் ஆகியவற்றோடு, இணையாக ஓடும் மற்ற மாட்டின் அடிவைப்போடு அது பொருந்துகிறதா என்பதையும் பார்க்கின்றனர். ஒரு நுகத்தடியில் பூட்டப்படும் இரு மாடுகளில் ஒன்று தளர்ந்தாலும் வண்டி ஒருபுறம் இழுபடும் என்பதால், ஒற்றை மாட்டின் விரைவைக் காட்டிலும் சோடியின் ஒத்திசைவே நெடுந்தொலைவில் வெற்றியைத் தீர்மானிக்கிறது. பருத்திக்கொட்டை, உளுந்து, பிண்ணாக்கு முதலிய தீவனமும், குளத்தில் நீந்தவிடுதலும், நாள்தோறும் நடைப்பயிற்சியும் இம்மாடுகளைப் பழக்கும் முறைகளாகும்.

நடைமுறை

மாடுகளின் வயதையும் உயரத்தையும் ஒட்டிப் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. பெயர்களும் அளவுகளும் ஊருக்கு ஊர் சற்று மாறுபடும். குதிரைகளும் இவ்வாறே பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை எனப் பிரிக்கப்படும். தொலைவு இன்றும் மைல் கணக்கிலேயே அறிவிக்கப்படுகிறது. பெரிய மாட்டிற்குப் போகவர 8 மைல் என்பது பலவூர்களில் காணப்படும் அளவு. சிறிய பிரிவுகளுக்கு இது படிப்படியாகக் குறையும்.

வண்டியை ஓட்டுபவர் சாரதி எனப்படுகிறார். எல்கையில் நிற்பவரிடமிருந்து முதலில் கொடியைப் பெறும் சாரதிக்குத் தனியே கொடிப் பரிசு வழங்கப்படும் வழக்கம் உண்டு. இதனால் போகும் வழியில் முந்துவதா, திரும்பும் வழிக்கு மாடுகளின் வலுவைச் சேமிப்பதா என்ற கணக்கு ஒவ்வொரு பந்தயத்திலும் எழுகிறது. ரொக்கப் பரிசும் கோப்பையும் மாட்டின் உரிமையாளருக்குச் செல்லும். முடிவை அறிவிக்கும்போது உரிமையாளரின் பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்த்தே சொல்லப்படுவதால், வெற்றி ஊர் முழுவதற்கும் உரியதாகக் கருதப்படுகிறது.

பிற நாட்டு ஒப்புமை

வட அமெரிக்காவின் பனிக்காடுகளில் நடக்கும் நாய்ச்சறுக்குவண்டிப் பந்தயம் இதே வகையான வரலாற்றைக் கொண்டது. அலாஸ்காவில் அஞ்சலும் சரக்கும் சுமந்த நாய்களைக் கொண்டு 1908இல் நோம் நகரிலிருந்து கேண்டில் வரை சென்று திரும்பும் 408 மைல் பந்தயம் தொடங்கப்பட்டது. 1925இல் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 ஓட்டுநர்கள் மாறிமாறி 674 மைல் கடந்து மருந்தைக் கொண்டுசேர்த்தனர். 1960களில் பனியில் ஓடும் இயந்திர வண்டிகள் பெருகி, ஊர்களில் நாய்கள் குறையத் தொடங்கவே, அம்மரபைக் காக்கும் நோக்கோடு ஜோ ரெடிங்டன் முதலியோர் 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,000 மைல் நீளும் இடிடராட் பந்தயத்தை நடத்தினர். காவிரிக் கரையிலும் டிராக்டரும் லாரியும் உழவையும் சுமையையும் ஏற்றுக்கொண்டபின், வண்டிமாட்டை வளர்ப்பதற்கான காரணங்களில் பந்தயம் முதன்மை பெற்றது. இரு இடங்களிலும் பந்தயம் காத்தது விலங்கையும் அதை ஓட்டும் திறனையுமே. அவ்விரண்டையும் உருவாக்கிய தொழிலை அதனால் மீட்க இயலவில்லை.

சட்ட வரலாறு

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இல் வகுக்கப்பட்ட விதிகள், முள் பொருத்திய கோலால் இழுவை விலங்குகளை ஓட்டுவதைத் தடைசெய்வதோடு, வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை அவற்றை வேலைவாங்குவதையும் விலக்குகின்றன. வண்டிப் பந்தயம் நீதிமன்றத்தின் பெருங்கவனத்திற்கு வந்தது 2006இல் ஆகும். ரேக்ளா பந்தயத்திற்கு அனுமதி கோரிய ஒரு மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அதனோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடைவிதித்தது. 2007இல் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு, மாட்டுவண்டிப் பந்தயம் ஆகிய இரண்டிற்கும் நாடு முழுவதும் தடைவிதித்தது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக எழுந்த மாணவர் போராட்டத்தைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டுக்கு இடமளித்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. இத்திருத்தமும், கம்பளா எனப்படும் எருமைப் பந்தயம், மாட்டுவண்டிப் பந்தயம் ஆகியவற்றுக்கு இடமளித்த கர்நாடக, மகாராட்டிரத் திருத்தங்களும் செல்லும் என ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது.

இன்றைய நிலை

சாலைகள் அகலமாகித் தார் போடப்பட்டதால் வண்டிகளின் வேகம் கூடியுள்ளது. அதேவேளை, கடினமான தரையில் ஓடுவது குளம்பையும் மூட்டையும் பாதிப்பதாலும், பார்வையாளர்களின் இருசக்கர வாகனங்கள் வண்டிகளைப் பின்தொடர்வதாலும் விபத்து அச்சமும் மிகுந்துள்ளது. இடிடராட் பந்தயத்தில் 24 மணி நேர ஓய்வு ஒன்றும் 8 மணி நேர ஓய்வு இரண்டும் கட்டாயமாக்கப்பட்டு, வழிநெடுக உள்ள நிலைகளில் கால்நடை மருத்துவர்கள் நாய்களைப் பரிசோதிக்கின்றனர். ஆயினும் அங்கும் விலங்குநல அமைப்புகளின் எதிர்ப்பு ஓயவில்லை. எல்கைப் பந்தயம் பெரும்பாலும் ஊர் விழாக் குழுக்களால் நடத்தப்படுவது. ஆகவே சாட்டையைக் கையாளும் அளவு, மாட்டின் உடற்தகுதி, பந்தய நேரம், சாலைப் பாதுகாப்பு ஆகியவற்றை ஒவ்வொரு குழுவும் எவ்வளவு கண்டிப்போடு வரையறுக்கிறது என்பதைப் பொறுத்தே, நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட மரபு என்ற மதிப்பு இப்பந்தயத்திற்கு நிலைக்கும்.