காயம் ஆற்ற வந்த அரங்கு

பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குள் நுழைபவர் ஈழத்துச் சிதம்பரத்தையும் கசூரினாக் கடற்கரையையும் காண்பார். கடற்படைத் தளத்தையும் காண்பார். 1991இல் இவ்வூரார் இடம்பெயர்ந்தனர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் மக்கள் மீளத் தொடங்கினர். வீட்டைத் திருத்த உதவி கிடைத்தது. மனத்தைத் திருத்த யார் வந்தார்கள் என்று கேட்டால், யாழ்ப்பாணத்து நாடகக்காரர் சிலரைத்தான் என்னால் சுட்டிக்காட்ட முடியும்.

அந்த அரங்கு தொடக்கத்தில் சமாதானத்துக்காகப் பிறந்ததன்று. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறி ஊரூராகச் சென்றது. அது மக்களை எழுப்பிய நாடகம். நம்மவரிற் பலர் இன்று மறைத்துப் பேசும் செய்தி இது: திரட்டத் தெரிந்த அதே கைகள்தாம் பின்னர் ஆற்றவும் முனைந்தன. சில ஆண்டுகளுக்குள் சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போர் தந்த உளப்பாதிப்பை மேடைக்குக் கொண்டுவந்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் அதே காயங்களுக்கு மருந்திட்டுக்கொண்டிருந்த காலம் அது. பைத்தியம் என்று பெயர்பெற அஞ்சி மருத்துவமனை வாசலை மிதிக்காதவர்களும் நாடகம் பார்க்க வருவார்கள் அல்லவா? பாத்திரத்துக்காக அழுவதாகச் சொல்லிக்கொண்டு தமக்காக அழலாம். காத்தவராயன் கழுவேறும்போது விம்மிப் பழகிய சனத்துக்கு இது புதிதுமன்று. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோரைப் பேசிய அவரது 'எந்தையும் தாயும்' காரைநகரின் பல வீடுகளுக்கு அப்படியே பொருந்தும்.

ஆயினும் இவை தமிழர் தமக்குள் அழுத அழுகை. எதிர்த்தரப்பாரும் வந்து அமரும் அரங்கு வேறு. 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் சிங்களக் கலைஞரோடு கைகோத்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் உருவாக்கிய 'ஜனகரலிய', தமிழில் 'மக்கள் களரி', சிங்கள, தமிழ் இளைஞரை ஒரே குழுவில் வாழவைத்தது. ஒருவர் மொழியை மற்றவர் கற்று இரு மொழியிலும் நடித்தனர். கூடாரத்தையும் தாமே சுமந்து ஊர்தோறும் சென்றனர். வெளிநாட்டு நிதியில் ஒருநாட் பயிற்சிப்பட்டறை நடத்திப் படமெடுத்துக் கலையும் 'சமாதான நாடகங்களை' விட இதனை நான் பெரிதும் மதிக்கிறேன்.

காரைநகரார் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்துப் பெயர்பெற்றவர்கள். 1983இல் அவற்றை இழந்தோர் பலர். அந்தத் தலைமுறை முதலாளி ஒருவரை இக்கூடாரத்தில் அமர்த்தினால், இரு மொழி நாடகமும் அவருக்கு விளங்கும். பக்கத்தில் இருக்கும் பேரனுக்கும், தளத்திலிருந்து வந்த சிப்பாய்க்கும் அவர்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்.