பழைய இராணுவ லொறிக்கு வேறு டீசல் இயந்திரம்: மாற்றுவதற்கு முன் அறிய வேண்டியவை

இராணுவம் கழித்துவிட்ட லொறிகளை வாங்கித் திருத்தி ஓட்டும் பழக்கம் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக உண்டு. புலம்பெயர்ந்த எங்கள் குடும்பங்களிலும் இயந்திர வேலையில் நாட்டமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படியான வேலையில் லொறியின் விலையைவிடப் பின்னர் செலவாகும் பணமே பெரிதாகிவிடலாம். அதிகம் கிடைக்கும் அமெரிக்க ‘எம்35ஏ2’ லொறியை உதாரணமாக எடுத்து, இயந்திர மாற்றத்தில் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

பழைய இயந்திரம்

எம்35 வரிசை 1950 அளவில் சேவைக்கு வந்தது. பத்துச் சில்லுகள், மூன்று அச்சுகளுக்கும் இழுவை. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை தொன் சுமக்கும் என்பதால் ‘இரண்டரை தொன் லொறி’ என்றே அழைக்கப்பட்டது. ஏ2 வகையில் உள்ளது 7.8 லீற்றர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் கொண்ட டர்போ இயந்திரம். வலு ஏறத்தாழ 130 முதல் 140 குதிரைவலு.

இது பல எரிபொருள் இயந்திரம். ஜேர்மனியின் எம்.ஏ.என். நிறுவனம் உருவாக்கிய முறையில், பிஸ்டன் தலையிலுள்ள உருண்டையான குழியின் சுவரில் எரிபொருள் மெல்லிய படலமாகப் படிந்து, ஆவியாகி, படிப்படியாக எரிகிறது. அதனால் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அவசரத்தில் பெற்றோல்கூட ஏற்றுக்கொள்ளும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடியதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே அது மெக்கானிக்குகளின் சமாளிப்பு. இங்கே அது தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட ஏற்பாடு.

எரிபொருள் பம்பை முறுக்கி அதிக வலு எடுக்கப் பார்ப்பதுதான் இந்த இயந்திரத்தைக் கெடுக்கும் வழி. வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும். தலைக் கஸ்கெற் போகும். கனெக்டிங் றொட் உடையவும் கூடும்.

மாற்றினால் என்ன கிடைக்கும்?

பலரும் தேர்வது கமின்ஸ் 6பிரி என்ற 5.9 லீற்றர் இயந்திரம். 1984இல் அறிமுகமாகி, டொட்ஜ் பிக்கப் வண்டிகள் முதல் பஸ், லொறி, ஜெனரேற்றர் வரை பொருத்தப்பட்டதால் உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1998க்கு முந்திய வகைகளில் எரிபொருள் பம்ப் இயந்திர முறையில் இயங்குவதால் கணினி இணைப்பு தேவையில்லை.

ஆனால் வேகம் கூடும் என்று எண்ணி வாங்க வேண்டாம். பழைய இயந்திரத்தின் உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 2600. தொடக்ககால டொட்ஜ் வண்டிகளில் வந்த 6பிரியின் வேலைச் சுழற்சியும் 2500 அளவில்தான். பின் அச்சின் பல்விகிதம் 6.72. அதை மாற்றாதவரை லொறி முன்போல மணிக்கு 90 கிலோமீற்றருக்கு அண்மையிலேயே நிற்கும். கிடைப்பது மேட்டில் ஏறும் பலமும், குறைந்த இரைச்சலும், இலகுவாகக் கிடைக்கும் பாகங்களும். அமெரிக்க இராணுவமே 1990களில் இவற்றை ஏ3 ஆக மாற்றியபோது, கற்றபிலர் இயந்திரத்துடன் அலிசன் தானியங்கிக் கியர்பெட்டியையும் சேர்த்தே போட்டது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காற்றுக் கொம்பிரசர்: லொறியின் பிரேக்குக்குக் காற்றழுத்தம் தேவை. பிக்கப் வண்டியில் இருந்து கழற்றிய 6பிரியில் கொம்பிரசர் இருக்காது. காற்றுப் பிரேக் உள்ள லொறி அல்லது பஸ்ஸில் இருந்து வந்ததைத் தேடுங்கள்.

மின்சாரம்: இராணுவ லொறி 24 வோல்ற், பிக்கப் இயந்திரம் 12 வோல்ற். ஸ்ராட்டர், ஓல்ரனேற்றர், எரிபொருளை நிறுத்தும் சொலனொயிட் எல்லாம் ஒரே வோல்ற்றில் இருக்க வேண்டும்.

இணைப்பு: பிளைவீல் உறையின் எஸ்.ஏ.இ. எண் கியர்பெட்டியோடு பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் இடையிணைப்புத் தகடு செய்விக்க வேண்டிவரும்.

குளிர்விப்பும் தாங்கிகளும்: றேடியேற்றர், விசிறி, இயந்திரத் தாங்கிகள், புகைக்குழாய் ஆகியவற்றின் செலவை இயந்திர விலையோடு கூட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் பிரேக்

ஏ2 லொறியின் பிரேக் எண்ணெய்ச் சுற்று ஒன்றே ஒன்று. ஒரு சில்லின் ரியூப் வெடித்தாலும் எல்லாச் சில்லுகளின் கால்பிரேக்கும் போய்விடும். மிஞ்சுவது கைபிரேக் மட்டும். வெறும் வண்டியே ஏறத்தாழ ஆறு தொன். வலுவைக் கூட்டுமுன் இரட்டைச் சுற்று பிரேக்குக்கு மாற்றுவது நல்லது. முழுச் செலவுக்கும் பணம் போதாவிட்டால் பிரேக்கைச் செய்யுங்கள். பழைய இயந்திரம் இன்னும் சில காலம் ஓடட்டும்.

சட்டம்

நீங்கள் வாழும் நாட்டின் விதியை இயந்திரம் வாங்குமுன் கேட்டறியுங்கள். ஜேர்மனியில் 30 ஆண்டு கடந்த வாகனத்துக்குக் கிடைக்கும் ‘எச்’ இலக்கத் தகடு, அது பெரும்பாலும் மூல நிலையில் இருந்தால்தான் கிடைக்கும். காலத்துக்குப் பொருந்தாத இயந்திரம் அதை இழக்கச் செய்யலாம். பிரித்தானியாவில் இயந்திர மாற்றத்தைப் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமம் 3.5 தொன் வரைதான். இந்த லொறிக்குக் கனரக வாகன உரிமம் வேண்டும்.

கடைசியாக ஒன்று: பழைய இயந்திரம் அடைப்பின்றித் தொடங்கி, நீரும் எண்ணெயும் கலக்காமல், எண்ணெய் அழுத்தம் சீராக இருந்தால் அதை மாற்ற அவசரம் இல்லை. தலைக் கஸ்கெற் மட்டும் போயிருந்தால் திருத்துவதே மலிவு. றொட் உடைந்து புளொக் வெடித்திருந்தால்தான் மாற்றும் கணக்கைப் போடத் தொடங்குங்கள்.