எண்ணெய்த் துளியும் ஒரு பெயரும்

1669-இல் லண்டன் ராயல் சொசைட்டி பட்டுப்புழுவைப் பற்றிய லத்தீன் நூல் ஒன்றை வெளியிட்டது. அதை எழுதியவர் பொலோனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்செல்லோ மால்பிகி. புழுவின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்பதாக நுண்துளைகள் உள்ளன. அவற்றின்மேல் அவர் எண்ணெய் தடவினார், புழு இறந்தது. அறுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு துளையிலிருந்தும் வெள்ளி நிறக் குழல்கள் கிளைத்துக் கிளைத்து உடலெங்கும் பரவியிருந்தன.

அந்த எண்ணெய்த் துளி கலைத்தது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் கருத்தை. மூச்சு உடற்சூட்டைத் தணிப்பதற்கானது என்றார் அரிஸ்டாட்டில். பூச்சிகளுக்குக் குருதியும் இல்லை, மிகுந்த சூடும் இல்லை. சூழ்ந்திருக்கும் காற்றே அவற்றைக் குளிர்விக்கும். ஆகவே அவை மூச்சு விடுவதில்லை. இதைக் கவனமின்மை என்று தள்ளிவிட முடியாது. மூச்சுக்கு அவர் வகுத்த வரையறைக்குள் பூச்சி நுழையவே வழியில்லை. ரோமானியரான பிளினி இதை ஐயுற்றார். ஆனால் ஐயத்துக்கு அப்பால் காட்ட அவரிடம் சான்றில்லை.

மால்பிகி தாம் கண்ட குழல்களுக்கு ‘டிரக்கியா’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘சொரசொரப்பானது’ என்று பொருள்படும் பெயரடை அது. குருத்தெலும்பு வளையங்களால் சொரசொரத்த மனித மூச்சுக்குழலுக்கு ‘சொரசொரத்த தமனி’ என்பதே பழைய பெயர். புழுவின் குழல்களிலும் உட்சுவரைத் திருகுச்சுருள் தாங்கி நிற்பதால் உவமை பொருந்தியது. ஆனால் பெயர் தனியே வருவதில்லை. மூச்சுக்குழல் என்றால் அதன் முனையில் நுரையீரல், அதற்கப்பால் காற்றைச் சுமக்கக் குருதி என்ற எதிர்பார்ப்பும் உடன் வருகிறது. 1661-இல் தவளை நுரையீரலின் தந்துகிகளைக் கண்டு விவரித்தவரும் இதே மால்பிகிதான். எட்டே ஆண்டுகளில் அவர் கையில் கிடைத்ததோ, நுரையீரலே இல்லாமல் காற்றை நேரடியாகத் திசுக்களிடம் கொண்டு சேர்க்கும் உடல்.

பெயர் மேலும் பயணித்தது. தாவரத் தண்டின் திருகுச்சுருள் நாளங்களையும் காற்றுக்குழல்கள் என்று கருதிய மால்பிகி, அவற்றையும் அப்படியே அழைத்தார். அவை நீரைக் கடத்துபவை. பிழை திருத்தப்பட்டுவிட்டது, ‘டிரக்கீடு’ என்ற சொல்லில் பெயரின் எச்சம் மட்டும் தாவரவியலில் நிற்கிறது.

ஆக்சிஜன் அறியப்பட்டபின், பூச்சிகள் அதை ஏற்றுக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவதை ஸ்பல்லன்சானி சோதனைகளால் காட்டினார். ஆனால் காற்றை உள்ளே தள்ளுவது எது? 1920-இல் கோபன்ஹேகனின் ஆகஸ்ட் குரோக் இதைக் கணக்காக்கினார். மரம் துளைக்கும் காசஸ் அந்துப்புழுவின் குழல்களை அளந்து, விரவல் ஒன்றே அதன் தேவைக்குப் போதும் என்று காட்டினார். காற்றில் ஆக்சிஜன் விரவும் வேகம் நீரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. திசுவின் வாசல்வரை காற்றே நிரம்பிய குழல் என்பதன் பயன் அங்கேதான். அவர் தேர்ந்த புழு புதியதும் அன்று: பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதன் தசைகளையும் குழல்களையும் ஒவ்வொன்றாக வரைந்து லியோனே ஒரு பெருநூலாக்கியிருந்தார்.

பெரிய பூச்சிகள் வயிற்றை விரித்துச் சுருக்கிக் காற்றை இயக்குவது குரோக்குக்கும் தெரியும். பாடநூல்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டு, பூச்சிக்கு மூச்சென்பது தானாக நிகழும் விரவல் என்ற ஒற்றை வரியாக்கிக்கொண்டன. அரிஸ்டாட்டில் மறுத்த செயலை வேறொரு வழியில் மறுப்பதாகவே அது முடிந்தது. 2003-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில், சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர்களின் முன் உயிருள்ள வண்டுகளும் எறும்புகளும் வைக்கப்பட்டன. தலையிலும் மார்பிலும் உள்ள பெருங்குழல்கள் நொடிக்கொருமுறை என்ற அளவில் சுருங்கி விரிவதும், ஒவ்வொரு சுழற்சியிலும் அவற்றின் கொள்ளளவில் பாதிவரை காற்று மாறுவதும் படத்தில் தெரிந்தன.

தமிழ்ப் பாடநூல்களில் மனிதருக்கும் கரப்பானுக்கும் ‘மூச்சுக்குழல்’ என்ற ஒரே சொல்தான்.